மடுவுக்குப் போவதா, நிற்பதா? கொப்பளிப்பான் கண்ட பிள்ளையும் ஒரு குடும்பத்தின் தீர்மானமும்

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் 10ஆம் திகதி, சனிக்கிழமை. மாலைச் செபமாலை முடிந்து கோவில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த வேளை, பங்கு மனை வாசலில் மூவர் காத்து நின்றனர். தகப்பன், தாய், தகப்பனைப் பெற்ற ஆச்சி. கரையோரக் கிராமமொன்றில் கடற்றொழில் செய்யும் குடும்பம் அது. மடு ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

"சுவாமி, சின்னவனுக்கு அம்மாள் போட்டிருக்கு. திங்கட்கிழமை இரவு வான் வெளிக்கிடுது. போறதோ, நிக்கிறதோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார் தகப்பன்.

பையனுக்கு ஆறு வயது. வியாழக்கிழமை காலை நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் கண்டன. மாலையில் அவை நீர்க் கொப்புளங்களாயின. வெள்ளிக்கிழமை முகத்திலும் தலைக்குள்ளும் போட்டது. "காய்ச்சல் விட்டிட்டுது சுவாமி. வெள்ளைத் துணியாலை மூடி, வேப்பிலையும் வைச்சு, கடைசிச் சீற்றிலை இருத்திக் கொண்டுபோவம்" என்றார் தாய். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் ஒரு பெரிய மெழுகுதிரி இருந்தது. பையன் இரண்டு வயதில் வலிப்புக் கண்டு வைத்தியசாலையில் கிடந்தபோது, ஆறாம் வயதில் அவனை மடுவுக்குக் கூட்டிவந்து திரி கொளுத்துவதாக ஆச்சி நேர்ந்திருந்தார். அதுவும் சாதாரண வருடமன்று. மருதமடு அன்னையின் திருச்சொரூபத்துக்கு 1924இல் முடிசூட்டப்பட்டதன் நூறாவது ஆண்டு.

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வான் பிடித்திருந்தார்கள். குடும்பத்துக்கு 7,000 ரூபா முற்பணம் கட்டியாயிற்று. நல்ல தொழில் நாட்களில் நான்கு நாள் கடலுக்குப் போகாமல் நிற்பதென்று தகப்பன் முடிவெடுத்திருந்தார். இத்தனைக்கும் பிறகு "போகவேண்டாம்" என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுவது எவருக்கும் இலகுவன்று. ஆகவே அவர்களை உள்ளே அழைத்து இருத்தினோம். அன்று அந்த மேசையைச் சுற்றி நடந்த உரையாடல் வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கு எழுதுகிறோம்.

நாம் முன்பு விட்ட பிழை

இக்கேள்வி எம்மிடம் வந்தது இது முதற்தடவையன்று. 2016இல், வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில், திருவிழாவுக்குப் பேருந்து புறப்படும் நேரத்தில் ஒரு தாய் கொப்புளம் போட்ட பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். அழுதார். நாமும் மனமிரங்கிப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "போங்கோ, மாதா பாப்பா" என்று ஏற்றி அனுப்பினோம்.

அந்தப் பேருந்தில் முன் இருக்கையில், சுகப்பிரசவம் வேண்டிப் போன ஓர் இளம் பெண் இருந்தார். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பதினாறு நாட்களின் பின் அவருக்குக் கொப்பளிப்பான் போட்டது. அதற்கு இரண்டாம் நாள், நாள் முந்தியே குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்கும் நோய் கண்டு, விசேட பராமரிப்புப் பிரிவில் பல நாட்கள் வைத்திருந்தார்கள். இறைவன் அருளாலும் வைத்தியர்களின் உழைப்பாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தனர்.

எவரும் எம்மைக் குறை கூறவில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கூட இல்லை. நாம் மட்டும் நாட்காட்டியை எடுத்து நாட்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு தாயின் கண்ணீருக்கு இரங்கியபோது, பேருந்தில் இருந்த மற்றத் தாய் எமது கண்ணில் படவில்லை. பிள்ளையைப் பற்றி மட்டும் யோசித்துப் பயணத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

நோய் எப்படிப் பயணம் செய்கிறது?

கொப்பளிப்பான் ஒரு வைரசுக் கிருமியால் வருவது. இந்தியாவில் இதனைச் சின்னம்மை என்பார்கள். நாம் சின்னமுத்து என்று சொல்லும் நோய் வேறு, இது வேறு. நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. கொப்புளத்து நீர் பட்டாலும் தொற்றும். வீட்டில் ஒருவருக்கு வந்தால், முன்பு இந்நோய் வராத மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்வரை தொற்றக்கூடும். ஆகவே கண்ணாடிகளை மூடிக்கொண்டு பல மணி நேரம் ஓடும் வானில் கடைசி இருக்கையும் ஒன்றுதான், முதல் இருக்கையும் ஒன்றுதான். வெள்ளைத் துணி காற்றை மறிக்காது.

இரண்டு கணக்குகளை மனதில் வைத்திருத்தல் வேண்டும்.

முதலாவது, நோயாளி எப்போது தொற்றுவார் என்ற கணக்கு. புள்ளி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்குகிறது. கடைசிக் கொப்புளமும் காய்ந்து அயறு கட்டும் வரை தொற்றுகிறது. பெரும்பாலான பிள்ளைகளில் இது புள்ளி தெரிந்து ஐந்து முதல் ஏழு நாட்கள். சிலருக்கு இன்னும் நீளலாம். காய்ச்சல் விடுவது இதற்கு அடையாளமன்று. அயறு முழுவதும் உதிரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதுமில்லை. புதிய கொப்புளம் வராமல், உள்ளவை எல்லாம் காய்ந்தால் போதும்.

இரண்டாவது, தொற்றியவருக்கு எப்போது வெளிப்படும் என்ற கணக்கு. கிருமி உட்புகுந்து 10 முதல் 21 நாட்களுள் புள்ளிகள் தோன்றும். அநேகமாக இரண்டு கிழமையை ஒட்டியே வரும். வெளிப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரும் பிறருக்குக் கொடுக்கத் தொடங்குவதால், தொற்றுக்கு ஆளான எட்டாம் நாளிலிருந்தே அவரைப் பற்றி எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

சுகமாயிருக்கும் சிறுபிள்ளைக்கு இது பெரும்பாலும் கடிக்கும், சொறியும், பின்பு போய்விடும். வளர்ந்தவர்களுக்கு அப்படியன்று. நியுமோனியா வரலாம். எமது போன்ற வெப்ப நாடுகளில் சிறுவயதில் இந்நோய் வராமலே வளர்ந்துவிடுவோர் அதிகம். கர்ப்பிணிகளுக்கு இரண்டு அபாயக் காலங்கள் உண்டு. முதல் இருபது வாரங்களில் தாய்க்கு வந்தால், மிகச் சிலரில் வயிற்றுப் பிள்ளையின் கண், கை கால், மூளை என்பன பாதிக்கப்படலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குப் புள்ளி போட்டால், பிறந்த குழந்தைக்கு நோய் கடுமையாக வரும். 2016இல் நடந்தது இதுதான். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், நீண்ட காலம் ஸ்டீரொயிட் மருந்து எடுப்போர், சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆகியோருக்கும் இது உயிராபத்தான நோய்.

விரல் மடக்கி எண்ணிய கணக்கு

அன்றிரவு ஒரு பழைய கொப்பியைக் கிழித்து மேசையில் வைத்து எண்ணினோம். பையனுக்குப் புள்ளி தெரிந்தது 8ஆம் திகதி. ஆகவே 6ஆம் திகதியிலிருந்தே தொற்றத் தொடங்கியிருப்பான். மடுவில் கொடியேறிய நாள் அது. வான் புறப்படும் 12ஆம் திகதி ஐந்தாம் நாள். தாயிடம், "இண்டைக்கும் புதுசாய்ப் போட்டதோ?" என்று கேட்டோம். "ஓம் சுவாமி, காலிலை கொஞ்சம்" என்றார். பையன் நிற்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இவவும் சின்னவனும் நிக்கட்டும். நானும் அம்மாவும் மகளும் போய் வாறம்" என்றார் தகப்பன். மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்கு இந்நோய் முன்பு வந்ததில்லை. தம்பியோடு ஒரே பாயில் படுப்பவள். 6ஆம் திகதியே தொற்றியிருந்தால், எட்டாம் நாள் 14ஆம் திகதி. அன்றுதான் வேஸ்பர் ஆராதனை. மன்னார், யாழ்ப்பாணம், சிலாபம், நீர்கொழும்பு என்று நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் தோளோடு தோள் முட்டி நிற்கும் இரவு. அவள் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லாமலே அந்தச் சனத்தினுள் நோயைக் கொண்டுபோகக்கூடும். வருமென்று நிச்சயமில்லை. ஆனால் அந்த இரவில் யாருடைய கர்ப்பிணி மகள் அவளுக்குப் பக்கத்தில் நிற்பாள் என்பதும் எமக்குத் தெரியாது. நோயாளிப் பிள்ளையை நிறுத்திவிட்டு, உடன் படுத்தெழும்பிய மற்றப் பிள்ளையைச் சுகமென்று கூட்டிச் செல்வதே பல வீடுகளில் நடக்கும் தவறு.

தகப்பனைப் பற்றிக் கேட்டோம். "எனக்கு முகாமிலை வந்தது சுவாமி" என்றார். 2009இல் வவுனியா முகாம்களில் கொப்பளிப்பான் பரவிய காலத்தில் அவர் இருபது வயது இளைஞன். ஒரு கூடாரத்தினுள் பலர் கிடந்த நாட்கள். ஒதுங்கிப் படுக்கவேண்டும் என்று தெரிந்தும் ஒதுங்க இடமிருக்கவில்லை. "அப்ப எனக்குப் பக்கத்திலை படுத்த கிழவர் செத்துப் போனார். என்னாலையோ தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்பு அவரே, "இப்ப எனக்கு வீடு இருக்குத்தானே. பிள்ளையை வைச்சிருக்கலாம்" என்றார். அன்றைய தீர்மானத்தை உண்மையில் எடுத்தவர் அவரே.

ஒருமுறை இந்நோய் வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. ஆகவே தகப்பனும், சிறுவயதில் வந்துபோன ஆச்சியும், கை கால் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

எழும்பும் நேரத்தில், வானில் வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டோம். பெயர்களைச் சொல்லி வந்த ஆச்சி, தமது இளைய மகனின் மனைவியையும் சொன்னார். அவருக்கு நான்காம் மாதம். பையனுக்குச் சித்தி. "அவ புதன்கிழமையும் வந்து இவனைத் தூக்கி வைச்சிருந்தவ" என்றார் தாய். புதன்கிழமை 7ஆம் திகதி. புள்ளி தெரிவதற்கு முதல் நாள். அந்தப் பெண்ணுக்கு முன்பு இந்நோய் வந்ததா என்று எவருக்கும் நினைவில்லை.

மடுவுக்குப் போவதா நிற்பதா என்ற பேச்சில் இருந்த நாம், போயே ஆகவேண்டிய வேறொரு பயணம் இருப்பதை அப்போதுதான் கண்டோம். நோயாளியோடு பழகிய கர்ப்பிணி, புள்ளி வரும்வரை காத்திருக்கக்கூடாது. பழகிய முதற் சில நாட்களுள் வைத்தியரிடம் சொன்னால், இரத்தத்தைப் பரிசோதித்து, நோயெதிர்ப்புச் சக்தி இல்லையெனில் தேவையான பாதுகாப்பைக் கொடுக்க வழியுண்டு. நாட்கள் போனால் அவ்வாய்ப்பு குறைந்துவிடும். அன்றிரவே குடும்பநல உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுநாள் காலை அந்தப் பெண் கணவனோடு வைத்தியசாலைக்குப் போனார். சில நாட்களில் பதில் வந்தது. சிறுவயதில் அவருக்கு அறியாமலே வந்து போயிருக்கிறது, பயமில்லை. நல்ல செய்திதான். எனினும் பதில் வரும்வரை அவரும் வீட்டில்தான் நின்றார்.

நல்ல பாதியும் கெட்ட பாதியும்

எமது மூதாதையர் இந்நோயை அம்மாள் என்றார்கள். கத்தோலிக்கராகிய நாமும் அச்சொல்லை விடவில்லை. வைசூரி ஊர்களை அழித்த காலத்தின் பயம் அதில் இருக்கிறது. வைசூரி உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சொல் மட்டும் கொப்பளிப்பானுக்கு எஞ்சியது.

அந்தப் பழைய வழக்கத்தில் இரண்டு பாதிகள் இருந்தன. ஒரு பாதி: படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டார் கலியாண வீடு, செத்த வீடு, திருவிழா எதற்கும் போகமாட்டார்கள். நோயாளி தனியறையில் இருப்பார். எழுத்தறியாத காலத்திலும் எவருக்கும் விளங்கிய அறிவித்தற் பலகை அந்த வேப்பிலைக் கொத்து. கிருமி பற்றித் தெரியாமலே அவர்கள் கண்ட தொற்றுத் தடுப்பு அது.

மறு பாதி: வைத்தியரிடம் போகக்கூடாது, மருந்து கொடுத்தால் அம்மாள் கோபிப்பா, தண்ணீர் வார்க்கும் நாள் வரும்வரை உடம்பில் நீர் படக்கூடாது, சத்தான சாப்பாடு ஆகாது என்பவை.

இன்று நாம் செய்திருப்பது என்ன? வானும் ஓட்டோவும் வந்த பின் முதற் பாதியை விட்டுவிட்டோம். இரண்டாம் பாதியைப் பிடித்து வைத்திருக்கிறோம். கொப்புளம் போட்ட பிள்ளை திருவிழாவுக்குப் போகிறது, ரியூசனுக்குப் போகிறது, கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறது. மூச்சு வாங்கும் பிள்ளையோ, அம்மாள் என்று வீட்டுக்குள் கிடக்கிறது. தள்ளிப்போடக்கூடிய பயணத்தைத் தள்ளிப்போடாமல், தள்ளிப்போடக்கூடாத பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம். இதனை மாற்றினாலே போதும்.

நேர்த்தி என்னாவது?

ஆச்சியின் மனதில் இருந்த கேள்வி இதுதான். கடைசியில் கேட்டேவிட்டார். "மாதாவுக்குச் சொன்ன சொல்லு சுவாமி. விட்டால் பிள்ளைக்குத்தானே குற்றம்?"

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நேர்த்தி என்பது, செய்யக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து இறைவனுக்குக் கொடுக்கும் வாக்கு (1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, எண் 1191). அயலவருக்கு நோய் கொண்டுபோவது மேலான நன்மையாகாது. நியாயமான காரணமிருந்தால் தனியாள் நேர்த்தியிலிருந்து பங்குக் குருவே விலக்களிக்கலாம் (எண் 1196). நேர்ந்தவர் தாமே அதனை அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் (எண் 1197). நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்தே விலக்குப் பெறுகின்றனர் என்றால், திருவிழாப் பயணம் எம்மாத்திரம்?

லேவியர் நூல் 13ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. தோலில் புண் கண்டவரைக் குரு பார்வையிட வேண்டும். ஐயமிருந்தால் ஏழு நாட்கள் தனியே வைத்து, ஏழாம் நாள் மறுபடி பார்க்கவேண்டும். அக்காலத்தில் குருவே பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும் இருந்திருக்கிறார்! அங்கு பேசப்படுவது கொப்பளிப்பான் அல்ல. ஆயினும் சமூகத்தைக் காக்க ஒருவரைச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பது வேதத்துக்குப் புதிதன்று. பிற்காலத்தில் அந்த ஒதுக்கம் வெறுப்பாக மாறியபோது, ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார். அவரைக் குருவிடம் காட்டும்படியும் அனுப்பினார் (மாற்கு 1). அன்பும் ஒழுங்கும் அங்கே கைகோத்து நிற்கின்றன. ஆகவே பிள்ளையை வீட்டில் நிறுத்துவோம். ஆனால் அவனைத் தீண்டத்தகாதவன் ஆக்கமாட்டோம்.

"ஆச்சி, திரியை நீங்கள் கொண்டுபோய்க் கொளுத்துங்கோ. பெடியன் சுகமானாப் பிறகு ஒருநாள் கூட்டிக்கொண்டு போவம். மாதா ஆவணியிலை மட்டுமே மடுவிலை இருக்கிறா?" என்றோம். ஆச்சி முதன்முறையாகச் சிரித்தார்.

தள்ளிப்போடக்கூடாத பயணம்

வீட்டில் நிறுத்திய பிள்ளையை என்ன செய்வது? தினமும் இளஞ்சூட்டு நீரில் மெதுவாகக் குளிக்க வார்க்கலாம். வேப்பிலை போட்ட நீரானாலும் குற்றமில்லை. துணியால் உரசித் துடைக்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கடிக்குக் கலமைன் பூசலாம். இளநீர், கஞ்சி, சோறு, மீன், முட்டை எதுவும் விலக்கன்று. காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கவும். அஸ்பிரின், டிஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிதான, கொடிய நோயை அது உண்டாக்கலாம். இபுபுரூபனையும் தவிர்க்கவும்.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும், இரவோ பகலோ, வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்:

1. மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ.
2. எழுப்ப முடியாத தூக்கம், பிதற்றல், வலிப்பு, கழுத்து விறைத்தல், தள்ளாடி நடத்தல்.
3. தொடர்ந்து சத்தி, ஒன்றும் குடிக்காமை, சலம் குறைதல்.
4. கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கி நோதல் அல்லது சீழ் வைத்தல்.
5. நான்கு நாளுக்கு மேல் காய்ச்சல், அல்லது விட்ட காய்ச்சல் திரும்ப வருதல்.
6. கொப்புளத்தினுள் இரத்தம் கட்டுதல்.

பிறந்து ஒரு மாதமாகாத குழந்தை, கர்ப்பிணி, வளர்ந்தவர், வேறு பாரிய நோயுள்ளவர் ஆகியோர் இவ்வடையாளங்கள் வரும்வரை காத்திருக்கவேண்டாம். முதற் புள்ளி கண்டவுடனே வைத்தியரைக் காணவேண்டும். கிருமிக்கு எதிரான மருந்து முதல் 24 மணி நேரத்துள் தொடங்கினால்தான் நன்கு வேலை செய்யும்.

இப்பயணத்துக்கும் ஒழுங்கு உண்டு. பஸ்ஸில் ஏறவேண்டாம். முன்பு இந்நோய் வந்த ஒருவரின் ஓட்டோவைப் பிடியுங்கள். ஆபத்தென்றால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை அழையுங்கள். வைத்தியசாலை வாசலிலேயே "கொப்பளிப்பான்" என்று சொல்லுங்கள். வெளிநோயாளர் வரிசையில் போய் அமரவேண்டாம். அங்கும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள்.

திருவிழாவுக்குப் போன இடத்தில் பிள்ளைக்குப் புள்ளி கண்டால், மறைக்காமல் அங்குள்ள சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கோவிலுக்குள்ளும் சனத்துக்குள்ளும் கொண்டு திரியாமல், கூடாரத்தில் ஒதுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த வாகனத்தாருக்கும் உண்மையைச் சொல்லுங்கள்.

தடுப்பூசியும் உண்டு. 1970களில் ஜப்பானிய வைத்தியர் மிச்சியாக்கி தகஹாஷி உருவாக்கியது அது. இரண்டு தடவை போடவேண்டும். எமது நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்க்கப்படவில்லை. தனியாரிடம் பணம் கொடுத்தே பெறவேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் வயதில், இந்நோய் வராத பெண்கள் கர்ப்பமாகுமுன் இதுபற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. கர்ப்ப காலத்தில் இதனைப் போடக்கூடாது.

வான் காசு யாருடைய கவலை?

அறிவுரை சொல்வது இலகு. 7,000 ரூபாவை யார் கொடுப்பது? உள்ளதைச் சொன்னால், நோயோடு பயணம் போகும் குடும்பங்களில் பல அறியாமையால் போவதில்லை. கட்டிய காசு போய்விடுமே என்ற ஏக்கத்தால் போகின்றன. ஏழைக்குத் தனியே நல்லவனாக இருப்பது அதிக செலவான காரியம்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் அன்பியக் கூட்டத்தில் இதனை வைத்தோம். முதலில் முணுமுணுப்பு. "அவையள் நிண்டால் எங்கடை பங்கு கூடுமே" என்றார் ஒருவர். பின்பு ஒரு மூதாட்டி, "அவையள் ஆருக்காக நிக்கினம்? எங்களுக்காகத்தானே?" என்று கேட்டார். அதன்மேல் வாதமிருக்கவில்லை. வெறுமையான இருக்கைகளுக்கு அயற் கிராமத்திலிருந்து ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். நின்றவர்களின் பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது. அன்று முதல் எமது அன்பியத்தில் ஒரு விதி உண்டு: கூட்டுப் பயணத்துக்குக் காசு சேர்க்கும்போது, தொற்றுநோயால் நிற்பவருக்குப் பங்கைத் திருப்பிக் கொடுப்பதென்று முதலிலேயே சொல்லிவிடுவோம். இந்த ஒரு விதி பத்துப் பிரசங்கங்களுக்குச் சமம்.

பயணம் மடுவுக்காகவே இருக்கவேண்டியதில்லை. கலியாணம், காது குத்து, கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு, எதுவாயினும் வீட்டில் கொப்பளிப்பான் இருந்தால் இக்கேள்விகளைக் கேளுங்கள்:

1. கடைசிக் கொப்புளமும் காய்ந்துவிட்டதா?
2. கூடப் போகும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பு வந்ததா? இல்லையெனில் இன்று எத்தனையாம் நாள்?
3. வாகனத்திலும் போகுமிடத்திலும் கர்ப்பிணி, கைக்குழந்தை, பாரிய நோயாளி உண்டா?
4. கடந்த ஓரிரு நாட்களில் பிள்ளையோடு பழகிய எவருக்கு உடனே சொல்லவேண்டும்?
5. இந்தப் பயணம் பத்து நாள் பொறுக்குமா? பொறுக்காதது வைத்தியசாலைப் பயணம் ஒன்றுதானா?

அவ்வாண்டு தகப்பனும் ஆச்சியும் மடுவுக்குப் போய் வந்தார்கள். பையன் வீட்டில் இருந்து வானொலியில் திருப்பலி கேட்டான். அயலார் படலைவரை சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, குரல் கொடுத்துப் போனார்கள். 23ஆம் திகதி அக்காவுக்குப் புள்ளி போட்டது. அவள் வீட்டில்தான் இருந்தாள். அவளோடு அந்த நோய் அவ்வீட்டில் நின்றுவிட்டது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அந்தக் குடும்பம் முழுவதும் பஸ்ஸில் மடுவுக்குப் போனது. நாமும் கூடப் போனோம். சனமில்லை. கூடாரங்கள் இல்லை. மரங்களும் குரங்குகளும்தான். பையனின் நெற்றியில் ஒரு சிறு தழும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆச்சி அவன் கையைப் பிடித்துத் திரியைக் கொளுத்துவித்தார். ஆவணியில் சனத்தின் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்கவேண்டிய அன்னையின் முகத்தை, அன்று அவன் அருகில் நின்று நெடுநேரம் பார்த்தான்.